சீதாவோடு அபர்டீனில் பத்து மாதம்

இந்த அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருந்தகை, முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றே கால் தேய்ந்த திரு. அய்யாதுரை அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மன்றத்து மூத்தோர்களே, மயிலாப்பூரிலிருந்தும் மந்தைவெளியிலிருந்தும், தியாகராய நகரிலிருந்தும் திருவான்மியூரிலிருந்தும் மாலை நெரிசலோடு மல்லுக்கட்டி வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையின் பெட்டியில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று நாள் முழுக்கத் தவித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் மேலாக, இன்னும் மூன்று வாரத்தில் விமானம் ஏறப்போகும் முன்வரிசைச் செல்வங்களே, உங்கள் பதினோரு பேருக்கும், உங்களைப் பெற்று வளர்த்தவர்கள் அனைவருக்கும் ஐவி ராஜநாயகத்தின் அன்பு வணக்கம்.

நான் வேற்றூர்க்காரி அல்ல. இந்த மண்டபத்தின் பின்வாசலில் இறங்கினால் நான்காவது தெரு. சாந்தோம் பங்கைச் சேர்ந்த தமிழாசிரியர் ராஜநாயகத்தின் மகள். பள்ளி நாட்களில் இதே மேடையில் ஏறி, பொருள் புரியாத வயதிலேயே அடுக்குமொழி பேசிப் பரிசு வாங்கியவள். ஐவி மேடை ஏறினால் இனிக்க இனிக்கப் பேசுவாள் என்று நம்பித்தானே, அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'கடல் கடந்து கற்ற இனிய நாட்கள்' என்று அச்சடித்திருக்கிறீர்கள்?

இனிய நாட்கள் இருந்தனவா? இருந்தன. எண்ணிப் பார்த்தால் இன்றும் இதழ் விரியும் நாட்கள் அவை. ஆனால் அந்த நாட்களை இனிக்கச் செய்தவள் இன்று இல்லை. அவள் பெயர் சீதா. என்னோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒரே குடையில் பத்து மாதம் வாழ்ந்தவள். அங்கேயே இறந்தவள். மூன்றாம் வரிசையில், தூண் ஓரமாக வெள்ளைச் சட்டையில் அமர்ந்திருக்கிறாரே, பனகல் பூங்காப் பக்கத்தில் சேலைக்கடை வைத்திருக்கும் திரு. இசக்கிமுத்து, அவருடைய ஒரே மகள்.

பின்னால் கேட்கவில்லையா? மைக்கைச் சற்று அருகில் வைத்துக்கொள்கிறேன். இன்று நான் சொல்வது கடைசி வரிசைவரை கேட்கவேண்டும்.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன், பொங்கல் முடிந்த வாரத்தில், ஸ்காட்லாந்து நாட்டின் வடகிழக்கில் இருக்கும் அபர்டீன் என்ற ஊருக்கு நாங்கள் மூவர் படிக்கப் போனோம். நான் படிக்கப் போனது பொதுச் சுகாதாரம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதைச் சொல்லவே எனக்கு நாக்கூசும். சீதா படிக்கப் போனது தரவு அறிவியல். மூன்றாமவள் சகினா, ராயப்பேட்டைப் பெண், எரிசக்தித் துறை. விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அறிமுகமாகி, இறங்குவதற்குள் மூவரும் ஒரே வீடு எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம்.

சீதா கிளம்பியது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. அவள் அம்மா கோமதி அம்மாளுக்கு மகளை அனுப்ப மனமில்லை. மூன்று மாதம் மன்றாடி, அழுது, அடம்பிடித்து, கடைசியில் ஒரு நிபந்தனையின் பேரில் அனுமதி வாங்கினாள். ஒரு தும்மல் வந்தாலும் சரி, உடம்புக்கு ஒன்று என்றால் அடுத்த விமானத்தில் வீடு திரும்பிவிட வேண்டும். சிரித்துக்கொண்டே சத்தியம் செய்துவிட்டு வந்ததாக எங்களிடம் சொன்னாள்.

அந்த ஊர் முழுக்கக் கருங்கல்லால் கட்டியது. மழை பெய்தால் வானமும் வீடும் ஒரே சாம்பல். வெயில் அடித்தால் சுவரெல்லாம் பொடிப்பொடியாக மின்னும். எங்கள் வீடு மூன்றாம் மாடி. ஒரு சமையலறை, இரண்டு படுக்கையறை. சகினாவுக்குத் தனியறை, எனக்கும் சீதாவுக்கும் ஓர் அறை. அந்த அறையின் வடக்குச் சுவர் எப்போதும் ஈரம். துடைத்தால் ஒரு வாரம் வெள்ளையாக இருக்கும். அடுத்த வாரம் கரும்புள்ளி பூத்துவிடும்.

அந்த வீட்டில் நாங்கள் எப்படி வாழ்ந்தோம் தெரியுமா? ரசத்துக்குத் தாளித்தால் புகைமணி அலறும். முதல் முறை அலறியபோது, கட்டடத்தில் இருந்த பதினேழு பேரும் பனியில் இறங்கி நின்றார்கள். சீதா கையில் கரண்டியோடு இறங்கினாள். ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிண்ணம் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கப்புறம் மணி அடித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, இன்றைக்கு எனக்கு உண்டா என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அவளை நினைத்துச் சிரிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அங்கே பேருந்தைவிட்டு இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்வார்கள். சீதாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஓட்டுநர் கேட்கவில்லையோ என்று இரண்டாம் முறையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். நான் ஊர் திரும்பிய புதிதில், பழக்கதோஷத்தில், பன்னிரண்டு பி பேருந்தில் இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொன்னேன். "இன்னாமா, ஸ்டாப் மிஸ் ஆயிட்ச்சா?" என்று கேட்டார். அந்த வரியைச் சொல்லிச் சிரிக்க எனக்குச் சீதா இல்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் கடற்கரைக்குப் போனோம். திருவான்மியூர்க் கடற்கரைபோல இருக்கும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி, கால் நனைந்த நொடியில் மூவரும் கத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தோம். கோமதி அம்மாள் பார்சலில் அனுப்பிய முந்திரிக்கொத்துப் பலகாரத்தைப் பிரித்து வைத்தோம். எங்கிருந்தோ வந்த கடற்காகம் ஒன்று, கோழி அளவு பெரியது, சீதாவின் கையிலிருந்த உருண்டையைக் கவ்விக்கொண்டு பறந்தது. அவள் அதன் பின்னால் மணலில் ஓடினாள், "எங்கம்மா செஞ்சது, எங்கம்மா செஞ்சது" என்று தமிழில் அதனிடம் முறையிட்டுக்கொண்டே.

இவற்றையெல்லாம்விட எனக்குள் ஆழமாகப் பதிந்திருப்பது ஒரு கடை. பழைய துணிகளை நன்கொடையாகப் பெற்று விற்று, வரும் பணத்தைத் தொண்டுக்குக் கொடுக்கும் கடை. மோராக் என்ற எழுபது வயது அம்மையார் அதைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கப் போனோம். சீதா ஒரு ஸ்வெட்டரின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கம்பளி முக்கால், மீதி நைலான் என்றாள். மோராக் அம்மையார் மூக்குக்கண்ணாடி போட்டு உள்பட்டையைப் படித்தார். சரியாக இருந்தது. இன்னொன்றைக் கொடுத்தார். அதுவும் சரி. மூன்றாவதைக் கொடுத்தார். இது துவைக்கத் தெரியாதவர்கள் துவைத்தது என்றாள் சீதா.

சேலைக்கடைக்காரர் மகள் அல்லவா? பள்ளிவிட்டு வந்து துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் அல்லவா? விரல் நுனியில் அறிவை வைத்திருந்தாள்.

அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அங்கே தன்னார்வலராக நின்றாள். வருகிறவர்கள் ஒரு சட்டை கேட்டால், தியாகராய நகர் வழக்கப்படி ஆறு சட்டையைப் பிரித்து மேசைமேல் விரிப்பாள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்வாள். அந்த ஊர்க்காரர்கள் பழக்கமில்லாமல் திகைத்து, சிரித்து, ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் போவார்கள். தரவு அறிவியல் வகுப்பில் பார்க்காத ஒளியை நான் அந்தக் கடையில் அவள் முகத்தில் பார்த்தேன். இதுதான்டி எனக்கு வருது, அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல என்று ஒருநாள் நடந்துவரும்போது சொன்னாள். படிப்பை முடித்து, பட்டத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் கடையில் உட்காருகிறேன் என்று கேட்கப்போவதாகச் சொன்னாள். அதனால்தான் அந்தப் பட்டம் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வருகிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்குக் காலை ஒன்பது மணி, இங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம், சீதாவின் வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வரும். எங்கள் அறையில் ஒரு மூலை மட்டும் காய்ந்த மூலை. அங்கே ஒரு விளக்கு, ஒரு சின்ன முருகன் படம், ஒழுங்காக அடுக்கிய நாலு புத்தகம். போனை அந்தப் பக்கம் திருப்பி வைத்துத்தான் பேசுவாள். எதிர்ப்பக்கம் கரும்புள்ளிச் சுவர் அவள் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அந்த மூலைக்கு நாங்கள் வைத்த பெயர் 'டி. நகர்'. ஏய், டி. நகரில் என் துண்டு கிடக்கிறது, எடு என்போம். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. பத்து மாதமும் அவள் பெற்றோர் பார்த்தது அந்த மூன்றடி மூலையைத்தான்.

முன்வரிசையில் சிலர் தலையைக் குனிகிறீர்கள். உங்கள் அண்ணனோ அக்காவோ அனுப்பும் படங்களும் ஏதோ ஒரு மூலைதான் என்று உங்களுக்கே தெரிகிறது போலும்.

அக்டோபர் கடைசியில் சீதாவுக்கு இருமல் வந்தது. ஊரே இருமுகிற காலம். யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரம் போனது. இருமல் போகவில்லை. மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கினாள். மருத்துவரிடம் போகலாம் என்றேன். ஆய்வறிக்கை கொடுக்க நான்கு வாரம்தான் இருக்கிறது, கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாள். மருத்துவர் மருந்தோடு ஓய்வும் எழுதிக் கொடுப்பார், ஓய்வென்றால் தேதி தள்ளும், தேதி தள்ளினால் வீட்டுக்குச் சொல்லவேண்டும், சொன்னால் அம்மா சத்தியத்தை நினைவூட்டுவாள் என்று வரிசையாக அடுக்கினாள். அவள் கணக்கில் பிழையே இல்லை என்று எனக்கும் பட்டது.

நவம்பர் முதல் ஞாயிறு. அழைப்பு வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஐவி, மூஞ்சி செத்துப்போய் இருக்குல்ல?" என்றாள். நான் என் பவுடர் டப்பாவை எடுத்தேன். கன்னத்தில் பூசினேன். கண்ணுக்குக் கீழே விரலால் தேய்த்துக் கருமையை மறைத்தேன். என் உதட்டுச் சாயத்தில் ஒரு துளி எடுத்து அவள் உதட்டில் வைத்தேன். விளக்கை அவள் முகத்துக்குத் திருப்பினேன்.

நான் பூசினேன். அவள் பூசிக்கொண்டதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. இந்தக் கைதான் பூசியது.

இரண்டாம் ஞாயிறும் பூசினேன். அந்த வாரம் சகினா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சகினா சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"அவ வூட்ல சொல்லிடு ஐவி. இது சும்மா சளி இல்ல. மூச்சு வுடும்போது விசில் மாதிரி கீது. ராத்திரி என் ரூம்புக்கே கேக்குது."

மூன்று வாரம்தானே, அறிக்கை முடியட்டும் என்றேன்.

"அறிக்கையா முக்கியம்? நீ சொல்லலன்னா நான் சொல்றேன்."

சொன்னால் சீதா இனி நம் இருவரையுமே நம்பமாட்டாள், பத்து மாத உழைப்பு பாழாகும், அவள் வாழ்க்கை அவளுடையது என்று நான் சகினாவிடம் மேடைப்பேச்சே பேசினேன். பேசத் தெரிந்தவள் அல்லவா? பரிசு வாங்கியவள் அல்லவா? சகினாவின் வாயை அடைத்தேன். என் பேச்சுத்திறமை வாழ்நாளில் சாதித்த ஆகப்பெரிய காரியம் அதுதான்.

மூன்றாம் ஞாயிறு, நவம்பர் பத்தொன்பது. பவுடர் போட்டுவிட்டு நான் போனுக்குப் பின்னால், திரையில் தெரியாத இடத்தில் நின்றுகொண்டேன். சீதா நாலு வார்த்தை பேசிவிட்டு நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. கோமதி அம்மாளின் குரல் போனிலிருந்து கேட்டது.

"ஏட்டி, குரல் ஏன் இப்படிக் கம்முது? சளி புடிச்சிருக்கா?"

சீதா பதில் சொல்ல வாயெடுத்தாள். இருமல் வந்துவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை கெஞ்சியது. நான் பின்னாலிருந்து குரல் கொடுத்தேன்.

"ஆன்ட்டி, நேத்து இந்தக் குளிர்ல ஐஸ்கிரீம் சாப்பிட்டா. அதான்."

அந்தப் பக்கம் சிரித்தார்கள். திட்டினார்கள். மிளகு ரசம் வைத்துக் கொடு என்று என்னிடமே சொன்னார்கள். இசக்கிமுத்து அப்பா கடைக்குக் கிளம்புவதாகக் கையசைத்தார். அழைப்பு முடிந்தது. சீதா என் கையைப் பிடித்து அழுத்தினாள். நன்றி என்று பொருள்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு அவளால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. சகினா ஆம்புலன்ஸை அழைத்தாள். மூன்று மாடி அவளைத் தூக்கி இறக்கினார்கள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று வாரத்துக்கு மேல் என்றேன். எழுதிக்கொண்டார். நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று எதார்த்தமாகக் கேட்டார்.

பொதுச் சுகாதாரம்.

நோயை மறைத்தால் என்ன ஆகும் என்று பாடம் படித்தவள் நான். மக்கள் ஏன் மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போடுகிறார்கள் என்று முப்பது பக்கக் கட்டுரை எழுதியவள் நான். அச்சம், அவமானம், குடும்ப நெருக்குதல் என்று காரணங்களை அடுக்கி அதற்கு நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். என் கட்டுரையின் ஒவ்வொரு பத்தியும் என் அறையில், என் பக்கத்துக் கட்டிலில், விசில் சத்தத்தோடு மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருந்தது. நான் அதற்குப் பவுடர் பூசினேன்.

புதன்கிழமை நண்பகல் சீதா இறந்தாள். நுரையீரலில் பிடித்த தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒரு வாரம் முன்னால் கூட்டிவந்திருந்தால் என்று நான் கேட்டேன். மருத்துவர் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். அவளுக்கு இருபத்து நான்கு வயது.

செவ்வாய்க்கிழமை நாங்கள் வீட்டுக்குச் சொன்னோமா என்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். காய்ச்சல், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னோம். அதிலும் பாதிதான் உண்மை. புதன்கிழமை நான் அழைத்தபோது இசக்கிமுத்து அப்பா கடையில் இருந்தார். பின்னணியில் வாடிக்கையாளர்கள் பேசும் சத்தம் கேட்டது. நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை நல்லாத்தானே இருந்தா. ஐஸ்கிரீம்னுல்லா சொன்ன, நீ."

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அவர் கையில் இருந்த கடைசித் தகவலை என்னிடம் காட்டிச் சரிபார்த்தார், அவ்வளவுதான். அதை அவரிடம் கொடுத்தவள் நான்.

உடல் ஊர் வந்து சேரப் பதினான்கு நாள் ஆனது. நான் கூட வந்தேன். மீனம்பாக்கத்தில் சரக்கு வாயிலில், காலை பத்து மணி வெயிலில் இசக்கிமுத்து அப்பா நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் கடையிலிருந்து அவரே எடுத்துவந்த பட்டுச்சேலை. அரக்கு நிறம். கையெழுத்துப் போட ஒவ்வொரு மேசையாக அனுப்பினார்கள். காத்திருந்த நேரமெல்லாம் அவர் பைக்குள் கைவிட்டு அந்தச் சேலையின் ஓரத்தை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அதே விரல்கள். அதே தேய்ப்பு. நான் திரும்பி நின்றுகொண்டேன்.

வீட்டில் கோமதி அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டார். "யாருமில்லாத ஊருல எம்புள்ளைக்கு நீ இருந்தியேம்மா. அது போதும்" என்றார். அந்தச் சொல்லுக்கு நான் தலையசைத்தேன். அதை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு மறுபடி விமானம் ஏறிப் போய், என் அறிக்கையைக் கொடுத்து, பட்டமும் வாங்கினேன்.

மார்ச் மாதம் நிரந்தரமாக ஊர் திரும்பினேன். இசக்கிமுத்து அப்பா ஆளனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து சீதா அங்கே எப்படி இருந்தாள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். போனேன். வடக்கு உஸ்மான் சாலைக்குப் பின்னால் மாடிவீடு. புகைமணிக் கதையைச் சொன்னேன். ரசம் கொடுத்த கதையைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு கடற்காகத்தின் கதை. கோமதி அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்; நாலு மாதத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல்முறை என்று அப்பா படியிறங்கும்போது சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு துணிக்கடைக் கதை. அவளுக்குக் கடையில் உட்காரத்தான் ஆசை என்று சொன்னபோது அப்பா எழுந்து சன்னலோரம் போய் நின்றுவிட்டார். கேட்டிருந்தா குடுத்திருப்பேனே என்று சன்னலைப் பார்த்துச் சொன்னார்.

ஐந்து ஞாயிறு இப்படிப் போனது. என்ன செய்துகொண்டிருந்தேன் நான்? மறுபடியும் அவர்களுக்கு ஒரு மூலையைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். விளக்கைத் திருப்பிவைத்து, நல்லதை மட்டும் காட்டி, அவள் இறந்த பிறகும் அவளுக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது ஞாயிறு சொல்லிவிட்டேன். இருமல், மூன்று வாரம், பவுடர், உதட்டுச் சாயம், சகினாவை நான் தடுத்தது, ஐஸ்கிரீம். எல்லாம். கோமதி அம்மாள் கேட்டு முடித்தார். எழுந்தார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அப்பா வாசல்வரை வந்தார்.

"இனி ஞாயித்துக்கிழமை வரவேண்டாம்மா" என்றார்.

பதினாறு மாதம் நான் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை.

சகினா இன்றும் அபர்டீனில்தான் வேலை செய்கிறாள். வாரம் தவறாமல் பேசுகிறாள். நான் அப்பவே சொன்னேனே என்று இதுவரை ஒருமுறைகூட அவள் சொன்னதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாலை, இசக்கிமுத்து அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார். பிள்ளைகளுக்கு வழியனுப்பு விழா நடக்கிறது, நீ பேசப்போகிறாயாமே என்றார். மறுத்துவிடுகிறேன் என்றேன்.

"மறுக்காத. எம்மவளப் பத்தி இந்த ஊருல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. யாரோடயோ போனா, கெட்டுச் சீரழிஞ்சான்னு கடைக்கு வாரவங்களே பேசுதாங்க. நீ மேடையில ஏறி நடந்ததச் சொல்லு. இனிப்பாப் பேசாத."

அவர் கேட்டதற்காகத்தான் இன்று இங்கே நிற்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள். சீதா யாரோடும் போகவில்லை. எதிலும் சீரழியவில்லை. அப்பாவுக்குப் பட்டம் வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்ற ஆசையில், அம்மா திரும்ப அழைத்துவிடுவாரோ என்ற அச்சத்தில், நோயை மறைத்தாள். மறைக்க நான் உதவினேன். இதுதான் நடந்தது. இதற்குமேல் யாராவது கதை சொன்னால், ஐவி மேடையில் நின்று சொன்னாள் என்று அவர்கள் வாயை மூடுங்கள்.

இல்லை, கை தட்டாதீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

போன வியாழக்கிழமை மதியம் என் போன் ஒலித்தது. கோமதி அம்மாள். பதினாறு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். நலம் கேட்கவில்லை. நேராகக் கேட்டார்.

"அன்னிக்கு எங்கூடப் பேசும்போது அவளுக்கு மூச்சு வாங்கிச்சா?"

"வாங்கிச்சு ஆன்ட்டி."

"வலிச்சுதா?"

இல்லை என்று சொல்வது எவ்வளவு எளிது, எவ்வளவு இரக்கமானது என்று அந்த நேரத்திலும் என் மனம் என்னிடம் வாதாடியது. பெற்ற தாய்க்கு அந்த ஒரு சொல்லையாவது இனிப்பாகக் கொடு என்று கெஞ்சியது.

"வலிச்சுது ஆன்ட்டி. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு சொன்னார்.

"நானும் ஒரு தப்பு செஞ்சேன். தும்மினாக்கூட வந்துடணும்னு சத்தியம் வாங்கியிருக்கக் கூடாது. அதையும் அங்க சொல்லு. பெத்தவங்க கேக்கட்டும்."

போனை வைத்துவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தானே கேட்டு என்னிடமிருந்து ஓர் உண்மையை வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்து ஓர் உண்மையைத் தந்தார். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? எனக்கு என்ன தகுதி?

தாய்மார்களே, தந்தையரே, அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். வருகிற வாரங்களில் உங்கள் பிள்ளை உங்களிடம் பல வாக்குறுதி தரும். நோயைச் சொன்னால் தண்டனை என்று ஆகிவிடுகிற எந்த வாக்குறுதியையும் வாங்காதீர்கள். முடியவில்லை என்று அது சொன்னால், வந்துவிடு என்பதற்கு முன்னால், என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

முன்வரிசைச் செல்வங்களே, போய் வாருங்கள். கடற்காகங்களைத் துரத்துங்கள். புகைமணியை அலறவிடுங்கள். உங்களுக்கும் இனிய நாட்கள் கிடைக்கும். நான் உறுதி சொல்கிறேன். அந்த நாட்களுக்கு நடுவே உங்கள் பக்கத்துக் கட்டிலில் ஒரு தோழி மூச்சுக்குத் திணறினால், வீட்டில் சொல்லாதே என்று உங்களிடம் கெஞ்சினால், அவள் கோபத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அவள் ஆயுளுக்கும் உங்களோடு பேசாமல் இருக்கட்டும். ஆயுள் இருந்தால்தானே பேசாமல் இருப்பாள்? சீதா இன்று என்னோடு கோபித்துக்கொண்டு, அப்பாவின் கடையில் உட்கார்ந்துகொண்டு, நான் சேலை எடுக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும் என்று நான் நாள்தோறும் ஏங்குகிறேன். அந்தத் திருப்பிய முகம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்கட்டும்.

இந்தக் கனத்தை இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து சுமந்த தலைவர் அவர்களுக்கும், அவையோர்க்கும், மகளைப் பறிகொடுத்தும் என்னை இந்த மேடைக்கு அனுப்பிய இசக்கிமுத்து அப்பாவுக்கும், இங்கே வரமுடியாமல் வீட்டில் இருக்கும் கோமதி அம்மாளுக்கும் தலைதாழ்த்தி நன்றி கூறுகிறேன். பயணம் போகும் பதினோரு பேரும் நலமாய்த் திரும்பி வருக. வணக்கம்.